மாமாவின் பேச்சுக்குக் கீழே ஓடிய எழுத்து

என் அத்தையின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். ஊருக்குள் சாரம் என்ற பகுதியில் இருந்த வீட்டில் ரசத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். அத்தை சுத்தமான தமிழில் முறைப்பாள். பிறப்பால் தமிழர், பாஸ்போர்ட்டில் பிரெஞ்சுக்காரர் என்று யாராவது சொன்னால் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிரெஞ்சுக்காரன் என்றால் பிரெஞ்சுக்காரன்தான் என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு வருடத்தில், பிரான்சிலிருந்து டிவிக்காரர்கள் எங்கள் ஊரைப் படம்பிடிக்க வந்தார்கள். யாரோ மாமாவைக் கைகாட்டிவிட்டார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. படம் பிரான்ஸ் முழுக்கத் தெரியும், பட்டாளத்துக் கூட்டாளிகள் பார்ப்பார்கள். தங்களில் ஒருவன் என்று அந்த நாடு தன்னை ஒருமுறையாவது பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அந்துருண்டை வாசனையோடு கோட்டு பீரோவிலிருந்து வெளியே வந்தது. மெடல்களைப் புளி போட்டுத் தேய்க்கும் பொறுப்பு, அப்போது சிறுமியாக இருந்த எனக்கு. கண்ணாடி முன்னால் நின்று மாமா பேசிப் பழகியதில், பாஷை தெரியாத எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

கேமராக்காரரோடு குட்டை முடி வைத்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி வந்தாள். எங்கள் கேஸ் அடுப்பும் மிக்ஸியும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பின்கட்டில் கேட்பாரற்றுக் கிடந்த அம்மியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதைக் கழுவி, பூ வைத்த அத்தையை முன்னால் உட்காரவைத்து மிளகாய் அரைக்கச் சொன்னார்கள். கை எரியுது என்று அத்தை தமிழில் திட்டியதையும் பக்தியோடு படம்பிடித்தார்கள். மாமாவையும் கோட்டைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள். மாமா மசியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வெகுநேரம் பிரெஞ்சில் பேசினார். அவள் தலையாட்டிக் கேட்டாள், சிரித்தாள், பதில் கேள்வி கேட்டாள். எந்த இடத்திலும் புரியவில்லை என்று அவள் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

சில மாதங்கள் கழித்துப் படம் பிரெஞ்சுச் சேனலில் வந்தது. தெருவில் பாதிப் பேர் மாமா வீட்டுக் கூடத்தில் இருந்தோம். முதலில் கடற்கரை வந்தது, மாடு வந்தது. அப்புறம் எங்கள் ஊரில் ஹோட்டல் நடத்தும் ஒரு வெள்ளைக்காரர் பிரெஞ்சில் பேசினார். பிறகு அத்தை மிளகாய் அரைத்துக்கொண்டே தமிழில் திட்டினாள். அவள் திட்டுக்குக் கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடியது. எல்லோரும் சிரித்தோம்.

அடுத்து கோட்டும் மெடலுமாக மாமா வந்தார். நான் மனப்பாடம் செய்திருந்த அதே பிரெஞ்சுப் பேச்சு. அதற்குக் கீழேயும் பிரெஞ்சிலேயே எழுத்து ஓடியது.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். "மாமா, அந்த ஹோட்டல்காரருக்கு எழுத்து போடல. உனக்குத்தான் போட்டிருக்காங்க!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முக்கியமான பேச்சு என்பதால்தான் எழுதிக் காட்டுகிறார்கள் என்று கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலையைத் தடவிவிட்டு, அத்தை வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதற்குள் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். சந்தோஷத்தில் அசந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். கடற்கரைச் சாலையில் சொல்தாக்கள் அணிவகுத்து முடித்ததும், டிவி மைக்கோடு ஒரு வெள்ளைக்காரப் பையன் மாமாவிடம் வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டான். மாமா கோட்டைச் சரிசெய்துகொண்டு தமிழில் பதில் சொன்னார். பையன் விழித்தான். மாமா விடாமல் தமிழிலேயே பேசிக்கொண்டு போனார்.

எனக்கு மானம் போயிற்று. வயசாகிவிட்டதில் பிரெஞ்சு மறந்துபோனதோ என்று பயமாகவும் இருந்தது. சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "பிரெஞ்சுல பேசு மாமா. உனக்குத்தான் தெரியுமே."

"இன்னாத்துல பேசினா இன்னா பாப்பா," என்றார் மாமா. "எப்படியும் கீழ எழுதிக்கப் போறாங்க."