சர்பத் போத்தல்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. "அக்காகிட்ட குடுலா, அவங்க சரி பண்ணிருவாங்க." மெஷின் மக்கர் செய்தாலும், பேருந்து வராவிட்டாலும் நான்தான் வழி கண்டுபிடிப்பேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. எட்டு வயது மகள் அறுந்த செருப்பைக் கம்பியால் கட்டிக்கொண்டு வந்தாலும், "என்னை மாதிரியே" என்று ஊரெல்லாம் சொல்வேன்.

வாடகை வீட்டுக் குளியலறைத் தரையில் பிடித்திருந்த கறை என் கண்ணை உறுத்தியது. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அண்ணனிடம், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் கொஞ்சம் வாங்கி வந்தேன். கொண்டு வந்த டப்பா கசிந்தது. காலியாகக் கிடந்த எலுமிச்சை சர்பத் போத்தலில் அதை மாற்றி, சமையலறை அலமாரியில் வைத்தேன். ஒரு நிமிட வேலை. பிறகு மறந்தே போனேன்.

இரண்டு நாள் கழித்து, காலைத் தேநீர் வேளையில், கூட வேலை செய்த ஒருத்தி அதே மாதிரிப் போத்தலைத் திறந்து சர்பத் கலக்கினாள். அலமாரியில் வைத்த ஆசிட் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பள்ளி விடுமுறை. மகள் வீட்டில் தனியாக இருந்தாள். சர்பத் என்றால் அவளுக்கு உயிர்.

அலுவலக அறைக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. பக்கத்துச் சீனர் மளிகைக்கடையில் இருந்தது. மகளைக் கூட்டிவரச் சொல்லி, கடைக்கார அம்மாவிடம் தெரிந்த மலாயில் கத்தினேன். "துங்கு, துங்கு" என்று என்னைக் காத்திருக்கச் சொல்லி, ரிசீவரை மேசைமேல் போட்டுவிட்டு ஓடினார். அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்தது. அப்புறம் கடை வானொலி, யாரோ அரிசி அள்ளும் ஓசை. எதற்கும் வழி வைத்திருந்த நான் தொலைபேசி வயரை முறுக்கிக்கொண்டு நின்றேன். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அப்படியொரு பயத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

"அக்கா, ஆபீஸ் போனு லா, சீக்கிரம் முடிங்க," என்றார் அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணி. முறைத்தேன்.

"அம்மா?" மகளின் குரல்.

"அலமாரியில இருந்த சர்பத்தைக் குடிச்சியா?"

"இல்லம்மா. தொறந்தாலே மூக்கு எரியுது. கெட்டுப் போச்சு."

முறுக்கிய வயரை விட்டேன்.

"ஆனா நான் சரி பண்ணிட்டேன். தண்ணி ஊத்தி, சீனி போட்டு, ரோஸ் சிரப்பும் கலந்துட்டேன்."

"வாயில வெச்சியா? கையில பட்டுச்சா?"

"இல்லவே இல்ல."

"வீட்டுக்குப் போகாதே. நான் வர்ற வரைக்கும் கடையிலயே இரு."

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டாக்சி பிடித்து, கடையில் இருந்தவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். மேசைமேல் ஒரு பெரிய கிளாஸ். இளஞ்சிவப்பாக, விளிம்புவரை. ஈ விழாமல் சின்னத் தட்டால் மூடியிருந்தாள்.

"உங்களுக்குத்தாம்மா. வேல முடிஞ்சு வந்தா களைப்பா இருப்பீங்கல்ல. மொத கிளாஸ் உங்களுக்கு."

உன்னை யார் சரி பண்ணச் சொன்னது என்று கத்த வாயெடுத்தேன். கிளாஸை அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். "என்னை மாதிரியே" என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தானே.