தில்லையம்பலம் மாஸ்டரும் கடைசிக் காந்த ஊசியும்

யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தபோது ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். லீவில் ஊருக்குப் போன தில்லையம்பலம் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்றிருந்தது. நான் நம்பவில்லை. எங்கள் முகங்களைச் சோதிக்க அவரே அடித்த தந்தியாக இருக்கும் என்றேன். யாரும் என்னைக் கோபிக்கவில்லை. அவர் செய்யக்கூடிய காரியம்தான் என்று மற்றவர்களுக்கும் பட்டிருக்கிறது.

இந்தக் கல்லூரியில் அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய சந்தேகங்களைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பேராதனைச் சந்தியில் வண்டி மாறினால், ஏறியது சரியான வண்டிதானா என்று மூன்று பேரிடம் கேட்பார். மூவரும் ஒரே பதிலைச் சொன்னால், இவர்கள் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று யோசிப்பார். அவர் பௌதிகம் படிப்பித்தார், நான் கணிதம். மடவளைக் கடைக்காரர் வீட்டில் பிறந்த நானும் எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிறவனல்ல. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது. முஸ்லிமான என்னை அவர் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

காந்தத்துக்குள் அணுக்கள் சின்னஞ்சிறு காந்தங்களாக வரிசையில் நிற்கின்றன, ஒன்று அசைந்தால் அந்த அசைவு அலையாகப் பரவும் என்று சீமைச் சஞ்சிகை ஒன்றில் படித்தார். அதையும் நம்பவில்லை. நீளப் பலகையொன்றில் திசைகாட்டி ஊசிகளை வரிசையாக நட்டு, முதல் ஊசியைத் தட்டிப் பார்த்தார். ஆட்டம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, கடைசி ஊசிவரை ஓடித் திரும்பியது. கடைசி ஊசி தன்பாட்டில் ஆடினால், இடப்பக்கம் சாய்ந்து போன அலை இடப்பக்கமே சாய்ந்து வரும். அந்த ஊசியை அசையவிடாமல் பிடித்தால், வலப்பக்கம் சாய்ந்து வரும்.

"நடுவில நிக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. ஓரத்தில நிக்கிறதுக்கு ஒரு பக்கம்தான். சந்தேகத்தை அங்கயிருந்து தொடங்கவேணும்" என்பார். இரும்பு கிட்ட வந்தால் ஊசி அதன் பக்கம் இழுபட்டு நின்றுவிடும் என்று, அந்தப் பலகையில் ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது, எல்லாம் மரமுளை.

அந்த வருடம் பௌதிக வகுப்பை மூடிவிடும் பேச்சு எழுந்தது. அறை காலியானால் கணிதத்துக்குத் தாருங்கள் என்று நானும் வெளிப்படையாகவே கேட்டிருந்தேன். பார்வையிட வருகிற பெரியவர்கள் திருப்திப்பட்டால் வகுப்பு பிழைக்கும். மாஸ்டர் எல்லாரிடமும் சாவி, கடிகாரம், குடை அத்தனையையும் வாசலில் வாங்கிவைத்துவிட்டு, என்னைக் கடைசி ஊசியருகே நிறுத்தினார். அலை இடப்பக்கமே திரும்பும் என்று சொல்லி முதல் ஊசியைத் தட்டினார். வலப்பக்கம் திரும்பியது. மறுபடி தட்டினார், மறுபடியும் வலப்பக்கம். கடைசி ஊசி விறைத்து நின்றது.

"நானா, பையைக் காட்டுங்கோ" என்றார்.

அத்தனை பேர் முன்னிலையில் என் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். ஒன்றுமில்லை. பிறகு பலகையின் அடியில் கைவிட்டுத் தடவினார். மஞ்சள் நூலில் கட்டிய ஒரு மாட்டு லாடம் வந்தது. ஆய்வுகூடச் சிப்பந்தி காளிமுத்துவின் முகம் செத்துப்போனதை நாங்கள் இருவரும் கண்டோம். ஏற்கெனவே அறை வாசலில் திருஷ்டி கழிக்கத் தேங்காய் உடைத்து, இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலை இல்லை என்று எச்சரிக்கப்பட்டவர்.

மாஸ்டர் நூலைக் கைக்குள் மறைத்துக்கொண்டு லாடத்தைத் தூக்கிக் காட்டினார். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகப்படப் பழக்குவதற்காகத் தாமே வைத்தது என்றார். இரும்பு ஓர ஊசியைப் பிடித்துவிட்டது, இப்போது பாருங்கள் என்று தட்டினார். அலை இடப்பக்கமே திரும்பியது. பெரியவர்கள் கைதட்டினார்கள். வகுப்பு பிழைத்தது.

"நாலு பேரு கண்ணு படக்கூடாதுன்னு கட்டுனேங்கய்யா" என்று காளிமுத்து பிறகு எங்களிடம் அழுதார்.

அன்று மாலை மாஸ்டர் என்னிடம் வந்தார். "நீங்கள் வைக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் அதை வெளியில சொன்னா, பிறகு ஆர் வச்சது எண்டு கேப்பினம். நீங்கள்தான் பொறுக்கவேணும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பொறுத்தேன், மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தாமே வைத்தவர் என் பையைப் பார்ப்பானேன், அறைக்கு ஆசைப்பட்டு நான்தான் லாடத்தை வைத்தேன், மாஸ்டர் பெருந்தன்மையாக மூடி மறைத்தார் என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. உங்களில் சிலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறீர்கள்.

காளிமுத்து இப்போது வேலையை விட்டுக் கம்பளையில் மகளோடு இருக்கிறார். அவரிடம் சம்மதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவர் பெயரைச் சொல்லி என் பெயரைக் கழுவிக்கொள்கிறேன் என்பீர்கள். சொல்லுங்கள். நான் வைக்கவில்லை என்று இந்தக் கல்லூரியில் தெரிந்திருந்த ஒரே ஆசிரியர் போய்விட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் அந்தப் பலகையை வைத்துக் காட்டும்போது, மாஸ்டர் வாசலில் நின்று அதிபரின் பையைக்கூடத் தடவிப் பார்ப்பார். என் முறை வரும்போது, நீங்கள் எல்லாரும் பார்த்திருக்க, தடவாமல் கையை எடுத்துவிடுவார். "நானா, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்பார். அவரிடமிருந்து நான் சாட்சியாக வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான்.