மைனர் சேஞ்ச்

இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மட்டும் வெளியே நீட்டிக் கீபோர்டில் தட்டுகிறார் தரணிதரன்: மைனர் சேஞ்ச். அவ்வளவுதான். நேற்றும் அதைத்தான் எழுதினார். போன வருடமும் அதைத்தான்.

செம்மேட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அறைக்கு அவர் பொறுப்பாளர். நான் டைப் பழகப் போகும் அறை அது. தடுப்பூசி வேன் எந்தக் கிழமை எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போடும் புரோகிராம் அங்கே ஓடுகிறது. அதில் யார் கைவைத்தாலும், என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று குறிப்பு எழுதித்தான் சேமிக்க வேண்டும். பின்னால் கோளாறு வந்தால் அந்தக் குறிப்பை வைத்துத்தான் தேட முடியும்.

எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தியை அடக்கிக்கொண்டு நாமக்கல்லிலிருந்து வருகிறவர். ஏப்ரலிலும் பச்சை ஸ்வெட்டரைக் கழற்றியதில்லை. "இந்தக் குளுர்ல மனுசன் இருப்பானுங்களா?" என்று இங்கேயே பிறந்தவர்களிடம் கேட்பார்.

தன் குறிப்பை இரண்டு சொல்லில் முடிப்பவருக்கு அடுத்தவர் குறிப்பைத் திருத்துவதில் அப்படியொரு ஆசை. உடன் வேலை செய்யும் சுகுணா மலைக்காரப் பெண். 'மழையில் ஓடைப்பாதை மூழ்கும், வேன் போகாது, அதனால் கிழமையை மாற்றினேன்' என்று எழுதியிருப்பார். "கதை எழுதறயா கண்ணு? இதென்ன வாரப் பத்திரிகையா?" என்று அத்தனையையும் அழித்து மைனர் சேஞ்ச் ஆக்குவார். சேமித்த குறிப்பை மாற்றும் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான். சனிக்கிழமைதோறும் அந்த வாரக் குறிப்புகளைப் பிரிண்ட் எடுத்து, பெரிய கையெழுத்துப் போட்டு, சுவர் ஆணியில் குத்தி வைப்பார். "ஆபீஸுன்னா ரிக்கார்டு வேணுமுங்க."

போன மாதம் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதைக் கண்டுபிடித்து ஒன்றை அழித்தார். எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு நாடு என்று பெயர்; ஒரு நாட்டில் உள்ள ஊர்ப்பெயர் இன்னொரு நாட்டிலும் இருக்கும். கேட்டிருந்தால் டீக்கடையிலேயே சொல்லியிருப்பார்கள். குறிப்பு? மைனர் சேஞ்ச்தான். வாழவந்தி நாட்டில் இருக்கும் அந்த ஊருக்கு நான்கு வாரம் வேன் போகவில்லை. ரோட்டோரம் காத்திருந்து சலித்த அந்த ஊர்ப் பெருமாயி, கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்து அறை வாசலில் நின்றார். "எங்க ஊரு எங்கீங்க போச்சு?"

மேலாளர் அம்சவேணி விசாரிக்க வருகிறார், தவறு செய்தவருக்கு வேலை போகும் என்று தெரிந்தது. அன்றுதான் தரணிதரன் முதன்முதலாக நீளமாக எழுதினார். பழைய இரண்டு சொல்லை அழித்துவிட்டு அதே இடத்தில்: 'சுகுணா கேட்டுக்கொண்டபடி ஓர் ஊர் நீக்கப்பட்டது.'

திங்களன்று அம்சவேணி திரையில் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீயாம்மா கேட்டே?"

"இல்லீங்க மேடம். அது எங்க ஊட்டுக்குப் பக்கத்து ஊருங்க. நானே அழிக்கச் சொல்லுவனுங்களா?"

"பயத்துல பேசுதுங்க, பாவம்," என்றார் தரணிதரன்.

"அன்னைக்கு சார் எழுதுனது செவுத்துல தொங்குதுங்க மேடம்."

அம்சவேணி திரும்புவதற்குள் தரணிதரன் எழுந்துவிட்டார். "என்ன புழுக்கமுங்க இன்னைக்கு!" என்றபடி பச்சை ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவி, தான் கையெழுத்துப் போட்ட தாள்களின்மேல், அதே ஆணியில் மாட்டினார்.