எதிரிக்கு ஊற்றிய தேநீர்

ஞாயிற்றுக்கிழமை பழைய சீன வாள்சண்டைப் படம் பார்க்க நண்பன் வீட்டுக்குக் கூப்பிட்டான். இருவரும் ஒரே பட்டுக்கடையில் புடவை விரித்துப் போடுகிறவர்கள். நான் காலனிக்காரன் என்பது அவன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

படத்தில் ஒரு கிழட்டு வீரனின் வீட்டுக்கு, அவன் மகனைக் கொன்ற எதிரியே வந்து நின்றான். கிழவன் அவனை உட்காரவைத்து, தன்னுடையதைப் போன்ற பீங்கான் கோப்பையிலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தான். குடித்து முடித்த பிறகுதான் வாளை எடுத்தார்கள்.

“எதிரிக்குக்கூட இன்னா மரியாதை குடுக்குறான் பாத்தியாப்பா!” என்ற நண்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். அவனுக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குப் பேப்பர் கப். அந்த வீட்டில் வேறு யாரும் அதில் குடித்து நான் பார்த்ததில்லை.

“சூடா இருக்குது, ஊதிக் குடிங்கண்ணா” என்றாள்.

ஊதிக் குடித்தேன். அவனுக்கு எதிரியாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.