மேடையேறாத எங்கள் வீட்டுச் சண்டை

போன சனிக்கிழமை எங்கள் ஊரான ஐசலினில் பழைய புத்தக விற்பனை. தடித்த நாடகத் தொகுப்பு ஒன்றைப் பிரித்தேன், மக்கிய தாள் வாசனை. அட்டையில் நூறு வருடத்துக்கு முந்தைய அந்தத் தாடிக்கார ஆங்கில நாடகாசிரியர் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார். நானும் சளைக்கவில்லை. எங்களுக்குள் பழைய பகை.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியவன் முரளி. கூட வேலை பார்த்தவன், தமிழ்ச் சங்கத்துக்குப் பொங்கல் நாடகம் எழுதுகிறவன். ஒத்திகை அவன் வீட்டு கராஜில். ஆளுக்கொரு டப்பாவில் புளியோதரை, சுண்டல் கொண்டுபோவோம். நாங்கள் மெல்லும்போது அவன் பேசுவான்.

"அவருக்கு முன்னாடி லண்டன் ஸ்டேஜ்ல காதலும் கண்ணீரும்தான்டா. இவர்தான் வீட்டு வாடகை, பொண்ணுங்க வேலைன்னு விவாதத்தக் கொண்டாந்தாரு. பாக்க வந்தவன் வீட்டுக்குப் போயும் யோசிக்கணும்."

வீட்டில் நடப்பது போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் விசாவை நம்பி வந்த மனைவிகளுக்கு வேலை பார்க்க அனுமதி கிடைக்கத் தொடங்கிய சமயம் அது. முரளியின் புது நாடகத்தில் ஒரு மனைவி அந்த அனுமதிக்கான விண்ணப்பத்தை நீட்டுகிறாள். கணவன் கேட்கிறான்: "இப்ப உனக்கு என்ன கொறச்சல்?"

சுண்டல் டப்பாவைக் கீழே வைத்தேன். கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படித்த என் மனைவி வித்யாவிடம், எங்கள் சமையலறையில், அட்சரம் பிசகாமல் நான் கேட்ட கேள்வி. இவனுக்கு யார் சொன்னது? அன்றிலிருந்து அவள் போனில் பேசினால் என் காது நீண்டது. முரளி காபிக்கு வந்தால் அவன் கண் எங்கே போகிறதென்று பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நிகழ்ச்சிகளுக்கு நேரம் ஒதுக்குவது என் பொறுப்பு. "டைம் இல்லடா, அந்த சீன் மட்டும் கட் பண்ணிடு" என்றேன்.

முரளி சிரித்தான். "இதையே ஹீரோ கேட்டாச்சு, மைக் பாக்கறவன் கேட்டாச்சு, பிரசிடென்ட் கேட்டாச்சு. நீ நாலாவது. யார் வீட்டுலயும் நான் ஒட்டுக்கேக்கலடா. அது நான் என் பொண்டாட்டிகிட்ட சொன்னது."

சிரித்தானே தவிர, நாடகத்தையே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டான். அந்தப் பொங்கலுக்கு மிமிக்ரி வைத்தோம். பிறகு அவன் டெக்ஸாஸுக்கு, இர்விங் பக்கம் போய்விட்டான். இப்போது சங்கத்தில் சினிமா டான்ஸ் மட்டும்தான்.

போன சனிக்கிழமை புத்தக விற்பனையிலிருந்து திரும்பும்போது, இத்தனை வருடம் கழித்து, காரில் வித்யாவிடம் கேட்டே விட்டேன். "அப்ப முரளிகிட்ட நீ ஏதாவது சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? வேலை பர்மிட் ஃபார்ம் ஃபில் பண்ணி ரெடியா வச்சிருந்தேன். நாடகம் இதப் பத்திதான்னு கேள்விப்பட்டேன், அத நீங்க பாத்தப்புறம் இன்னொரு தடவ கேக்கலாம்னு இருந்தேன்."

க்ரீன் கார்டு வந்தாயிற்று, இனி அனுமதியே வேண்டாம். "இப்ப ட்ரை பண்ணிப் பாரேன்" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"படிச்சதெல்லாம் மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.