மின்சாரக் கிற்றாருக்கு ஒரு பலகை

என் தாயும் என் கணவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. மாமி மருமகனின் முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. அம்மா அடுப்படியில், குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வார். கணவர் முன் விறாந்தையிலிருந்து என்னிடம் சொல்வார். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் இடுப்பில் பிள்ளையோடு நான் நடுவில் நின்று அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசைத் தமிழாக்கப் படித்தவள், வீட்டில் தமிழைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன்.

உலக யுத்த காலத்தில் அவர் மின்சாரக் கிற்றார் செய்யத் தொடங்கியதும் அந்த மொழிபெயர்ப்பு வேலை எனக்கு நஞ்சாகிவிட்டது.

அவருக்குத் தந்திக் கந்தோரில் உத்தியோகம். பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் சின்ன வயதிலேயே கிற்றார் பழகியவர். பாலத்துக்கு அப்பால் முகாம் போட்டிருந்த வெள்ளைப் பட்டாளத்தில் ஒருவன் வயிறே இல்லாத கிற்றார் ஒன்றை மடியில் கிடத்தி வாசித்தானாம். அதிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குப் போக, பெட்டி பாடியதாம். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. கம்பிக்குக் கீழே காந்தம், காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பி, அதை எங்கள் பற்றரி ரேடியோவில் கொடுத்தால் போதும். சத்தத்துக்குக் கூடு தேவையில்லை, தடித்த பலகை ஒன்று காணும் என்றார். முகாமில் உடைத்து எறிந்த டெலிபோனின் காதுக்குழாயிலிருந்து காந்தம் எடுத்தார். என் தையல் மெசினில் நூல் சுற்றுகிற இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றினார். பிள்ளையின் தலைமயிரைவிட மெல்லிய கம்பி. அறுந்த துண்டு எதையாவது பிள்ளை வாயில் போட்டுவிடும் என்று நான் நாள் முழுக்க நிலத்தைத் தடவிக்கொண்டு திரிந்தேன். அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

விறாந்தைச் சீமெந்தில் கரியால் கிற்றாரின் உருவத்தைக் கீறினார். அம்மா கதவிடுக்கால் பார்த்தார்.

"புள்ள, உன்ட மாப்பிள்ளையிட்டக் கேளு, ஆருக்குப் பாடை கட்ட அளவெடுக்கிறாரெண்டு."

நான் திரும்பி, "என்ன கீறுறீங்களெண்டு அம்மா கேக்கிறா" என்றேன்.

"பாடைதானாம் எண்டு சொல்லு. மாமிக்கு நீளம் காணாதெண்டு கவலையாம், அதையும் சொல்லு."

"சும்மா கீறுறாராம், அம்மா" என்றேன்.

பலகை என்று அவர் கண் வைத்தது, நடு அறைக் கூரை வளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்த பலாப் பலகையை. அது என் தங்கையின் வீட்டுத் தலைவாசல் கதவுக்கு அப்பா சாகுமுன் அரிந்து வைத்தது. எங்களுக்குள் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு இந்த வீடு எனக்கு எழுதப்பட்டுவிட்டது. தங்கைக்கு அதே வளவில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது, அது முடிந்தால் அம்மாவும் அங்கே போய்விடுவார். கதவு போட்ட வீட்டில்தான் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து விடுவோம் என்று தங்கைக்குப் பேசிய இடத்தார் சொல்லியிருந்தார்கள். மரமெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். மட்டக்களப்பு டவுன் முழுக்க அலைந்தாலும் அப்படி ஒரு பலகை கிடைக்காது. அது போனால் கதவு இல்லை, கதவு இல்லாவிட்டால் தங்கைக்குக் கலியாணம் இல்லை. இது அவருக்கும் தெரியும்.

"காய்ஞ்ச பலாதான் வேணும். வீணையும் பலாவிலதான் செய்யிற, சொல்லு" என்றார்.

"வீணை வாசிக்கிற வீட்டுல போய்ப் பொண்ணெடுத்திரிக்கலாமே, கேளு" என்றார் அம்மா.

அதை நான் சொல்லவில்லை. அம்மா யோசிக்கிறா என்று சொன்னேன். அப்படிச் சொன்னது சரிதானா என்று அன்று சோறு வடிக்கும்போதெல்லாம் யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்தால், பலகை விறாந்தையில் கிடந்தது. உருவம் பென்சிலால் கீறியாயிற்று. ஓரத்தில்கூட அல்ல, நட்டநடுவில். பக்கத்தில் மரம் அறுக்கிற வாள். அம்மா குசினிக் கதவில் நின்றார்.

"புள்ள, வாளை வெக்கச் சொல்லு."

"கதவுக்கு ரெண்டு துண்டைப் பொருத்தலாமெண்டு சொல்லு."

"ஒட்டுப்போட்ட கதவுக்கு ஆர் மாப்பிள்ளை தருவாங்க, கேளு."

"தாறவன் கதவையா கட்டப்போறான், கேளு."

பிள்ளை வீரிட்டு அழுதது. நான் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"நான் ஒண்டும் சொல்லமாட்டன். ரெண்டு பேரும் நேர கதையுங்க" என்றேன்.

குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று நானே நினைக்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். வந்து பலகையின் நடுவில், கீறிய உருவத்தின் மேலேயே, கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலைத் தட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மாமி இருக்கிற பலகையை மருமகன் தொடமுடியாது. மாமியின் முன்னால் உட்காரவும் முடியாது. அவர் வாளோடு நின்றார். அம்மா பாக்கைச் சீவினார்.

"கேளு உன்ட அம்மாட்ட" என்றார் அவர். நான் பிள்ளையின் தலையைத் துவட்டத் தொடங்கினேன். அவர் என்னை முறைத்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"மாமி, இந்த வீட்டுல எனக்கெண்டு அறுக்க ஒரு பலகை இரிக்கா?"

அம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

அதுவரை நியாயம் முழுக்க அம்மாவின் பக்கம் என்றுதான் இருந்தேன். இப்போதும் பலகையைப் பற்றியவரை அப்படித்தான். ஆனால் அந்த "இல்ல" உண்மை. வீடு, கிணறு, தென்னைகள், நாங்கள் படுக்கும் கட்டில் எல்லாம் என் பெயரில். அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர். நான் அவசரப்பட்டு, "என்ட கட்டில்ட தலைப்பலகையக் கழட்டி எடுங்க" என்றேன்.

இரண்டு பேரும் ஒன்றாக என்மேல் பாய்ந்தார்கள்.

"சீதனக் கட்டிலை அறுக்கக் குடுக்கிறாள், விசர் புடிச்சவள்" என்றார் அம்மா.

"எனக்குப் பிச்சை போடாத" என்றார் அவர். வாளைக் கீழே போட்டுவிட்டு, காந்தத்தையும் கம்பிச் சுருளையும் துணியில் முடிந்துகொண்டு தன் ஊரான பெரியகல்லாற்றுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மாப்பிள்ளை தாய்வீட்டுக்குப் போய்விட்டானா என்று வேலிக்கு மேலால் கேட்டவர்களுக்கு நான் சிரித்துக்கொண்டே பொய் சொன்னேன். அம்மா அவர்களுக்கு உண்மையைச் சொன்னார். பலகை மறுபடி வளைக்கு ஏறாமல் நேரே ஓடாவியிடம் போனது. அவன் பென்சில் கோட்டைச் சீவிவிட்டுக் கதவைச் செய்தான். தங்கையின் வாசலில் அது நின்ற அன்று எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடேயே, அவர் இனி வரமாட்டாரோ என்ற பயமும் வந்தது.

வந்தார். செத்துப்போன தன் தகப்பனின் உடைந்த தோணியிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி, பஸ்சின் மேலே போட்டுக் கொண்டுவந்திருந்தார். படலையைத் திறந்ததுமே குசினியிலிருந்து அம்மாவின் குரல், என்னிடம் அல்ல, நேரே அவரிடம்:

"மருமகன், அந்த மீன்வெடுக்குப் பலகை விறாந்தைக்கு ஏறப்படா."

"ஏறாது மாமி. உங்கட விறாந்தை உங்களுக்கே இரிக்கட்டும்."

வளவில் மாமரத்தடியில் பலகையைப் போட்டு, பென்சிலை எடுத்து முதலிலிருந்து கீறத் தொடங்கினார். அம்மா வாசலுக்கே வந்து நின்றார்.

"அந்த மரமும் என்ட மகள்டதான்."

அவர் பலகையை வெயிலுக்கு இழுத்தார். எனக்குத் தலை கொதித்தது.

"ஓம் அம்மா, என்ட மரந்தான். நான்தான் சொல்ற. நிழலுக்கு வாங்க" என்று அவரைக் கூப்பிட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஈரம் காயவேணும். வெயில்தான் நல்லம்" என்று சொல்லி அங்கேயே குந்தினார். பலகைக்காகச் சொன்னாரா, என் மரத்து நிழல் வேண்டாமென்று சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.