ஒயரண்ணனின் பச்சைச் சுவர்

குழாயும் குளியலறைச் சாமானும் மொத்தமாக விற்கும் கடை அது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ஒயரண்ணன் என்பார்கள். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். சரியாக இழுத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அவருக்குச் சோறு போட்டதும் அந்தக் குணம்தான், வேலைக்கு உலை வைக்கப் பார்த்ததும் அதுதான்.

அடிக்கடி நெட்வொர்க் படுத்ததில் முதலாளி பொறுமையிழந்தார்.

“கஸ்டமர் வந்து கத்தினப்புறம்தான் எனக்கே தெரியுது. எது ஓடுது, எது நின்னுச்சுன்னு என் ரூம் சுவத்துல தெரியணும். முடியலேன்னா சொல்லிடுங்க, திங்கக்கிழமையிலேர்ந்து வெளிக் கம்பெனிக்காரன் பார்த்துப்பான்.”

“அதுக்கு ஒரு நல்ல மிஷின் வேணுங்க ஐயா.”

“பில் போடற இடத்துல கழிச்சுப் போட்டது சும்மாதானே கிடக்கு?”

கிடந்தது. அதன் மூடி டேப்பில் நின்றது. மெமரி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் இருந்தது. ஒரே கம்ப்யூட்டருக்குள் சில பொய்க் கம்ப்யூட்டர்களை உண்டாக்கி ஆளுக்கொரு வேலை கொடுக்கலாம். விர்ச்சுவல் மிஷின் என்பார்கள். ஒயரண்ணன் முதலாவதில் கண்காணிப்பு மென்பொருளை ஏற்றினார். கடையிலுள்ள ஒவ்வொரு மிஷினையும் அது ‘இருக்கியா, இருக்கியா’ என்று கேட்கும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அத்தோடு விட்டிருக்கலாம். அது ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்க்க இரண்டாவதை வைத்தார். இரண்டாவது கண்ணயர்ந்துவிட்டால்? மூன்றாவது.

“நம்ம வீட்டுக்கு உங்க அக்கா குடும்பமும் என் தங்கச்சி குடும்பமும் ஒரே நேரத்துல வந்தப்போ என்னாச்சு?” என்றாள் மனைவி.

“பாத்ரூம் வாசல்ல வரிசை நின்னுச்சு.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

திங்கட்கிழமை காலை முதலாளி அறைச் சுவரில் பெரிய திரை. எல்லாம் பச்சை. முதலாளிக்கு வாயெல்லாம் பல். கொஞ்ச நேரத்தில் பில் போடும் அக்கா வந்து நின்றாள்.

“நெட்டு வரலைங்க ஐயா.”

“வருதேம்மா. அதோ உன் மிஷின், பச்சை.”

“என் முன்னாடி ஒண்ணும் வரலையே.”

“உன் முன்னாடி என்ன இருக்குன்னு உனக்கென்ன தெரியும்? போய் வேலையைப் பாரு.”

அக்கா போய் வெறும் திரை முன்னால் உட்கார்ந்தாள். குடோன்காரர் வந்தார், அவருக்கும் பச்சை காட்டப்பட்டது. ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது முதலாளி சீறினார்: “கடை திறந்து அரை மணி ஆகலை, அதுக்குள்ள என்ன சாப்பாடு?”

ஒயரண்ணன் சுவரை உற்றுப் பார்த்தார். திரையின் மூலையில் கடிகாரம் காலையிலேயே நின்றிருந்தது. மூன்று குடித்தனம் தாங்காமல் பழைய மிஷின் பச்சை முகத்தோடு எப்போதோ உறைந்துவிட்டது. உள்ளபடி சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கடையே பட்டினி. இரண்டு பொய் மிஷின்களை அழித்துவிட்டு, ஒன்றை மட்டும் மறுபடி கிளப்பினார்.

சுவர் முழுக்கச் சிவப்பு.

“நீங்க தொட்ட உடனேதானே சிவந்துச்சு!” முதலாளி துள்ளி எழுந்தார். “வெளிக் கம்பெனிக்காரனையே கூப்பிடறேன்.”

அலமாரிக்குப் பின்னால் சார்ஜில் கிடந்த கைபேசியை எடுக்கக் குனிந்தார். ஒயரண்ணனின் கண் கைபேசியிலிருந்து சார்ஜர் வழியாக பிளக்குக்குப் போனது. கடையின் மொத்த இணைப்பையும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின் பிளக் பக்கத்தில் அநாதையாகக் கிடந்தது.

“ஐயா, இதை யாரு பிடுங்கினது?”

“நான்தான். காலையில சார்ஜ் இறங்கிடுச்சு. சுவருதான் பச்சையா இருந்துச்சே!”

ஒயரண்ணன் பிளக்கைச் செருகினார். ஒவ்வொன்றாகப் பச்சை வந்தது. முதலாளி கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “காலையில இருந்த பச்சை இன்னும் கொஞ்சம் அழுத்தமா இருந்துச்சு” என்றார்.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: “வேலை இருக்கா, போச்சா?”

“இருக்கு. ஆனா ஐயா ரூம்லேயே எனக்கு நாற்காலி போட்டுட்டாங்க. அந்த பிளக்கைப் பாத்துக்கணுமாம்.”

“உங்களை யாரு பாத்துப்பா?”

ஒயரண்ணன் எழுந்து போய் வாசல் பூட்டை இழுத்துப் பார்த்தார்.